முப்பது காதம், பக்கத்தில்தான்

(மதுரை திருநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஊரை விட்டுப் போகலாமா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்கு ஏனப்பா இந்தத் தலைப்பு என்று கேட்டேன். “நீங்கதானே சார் போயிட்டுத் திரும்பி வந்தவர்” என்றார்கள். அனுபவசாலி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தோற்று வந்தவன் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நம் திருநகருக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பிள்ளையார் கோயில், புளியமரம், டாக்கீஸ் என்று பெயர் இருக்கும். நமக்கு முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப், மூணாவது ஸ்டாப். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட “எந்த ஸ்டாப்புல இறங்கணும்?” என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். பக்கத்து ஹார்விபட்டி மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர். நம் ஊரோ வாத்தியார்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் பேங்க்காரர்களும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளால் ஆனது. கிழக்கே பார்த்தால் பரங்குன்றத்து மலை தெரியும். அந்த மலையைப் பார்க்கிற மாதிரி மாடியில் ஒரு சாய்வு நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நம்மில் பலருடைய ஓய்வுகாலக் கனவு.

இப்போது நாற்காலி இருக்கிறது. ஆள் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் பூட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். வாரம் ஒருமுறை யாராவது வந்து வாசலைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் இருப்பார், சென்னையில் இருப்பார், டல்லாஸில் பேரனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். பூட்டாத வீடுகளில் ராத்திரி எட்டரைக்கு போன் அடிக்கும். “அங்க என்னப்பா இருக்கு? பேசாம இங்க வந்துருங்க.” இந்த போன் வராத வீடு இந்தக் கூட்டத்தில் எத்தனை என்று கை தூக்கச் சொன்னால், அதிகம் கை எழாது.

கிளம்பிப் போவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இதோ நடந்து போகிற தூரத்தில் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர். அங்கே 1870-இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். தன் பெயரையும் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றிக்கொண்டார். 1903-இல், 33 வயதில் மறைந்தார். ஊரும் பெயர்ந்தது, பெயரும் பெயர்ந்தது. அவர் விளாச்சேரியிலேயே இருந்திருந்தால் தமிழ் செம்மொழி என்ற குரல் அத்தனை சீக்கிரம் எழுந்திருக்காது. ஆகவே, ‘போகாதே’ என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. ‘போ’ என்றும் சொல்லப்போவதில்லை. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

மதுரைக்குக் குடிபெயர்ந்த கதைகளில் மிகப் பழையதும் பெரியதும் எது? சிலப்பதிகாரம். நாற்பது வருஷம் வகுப்பில் நடத்தினேன். மனப்பாடமாக நடத்தினேன். ஒரு இடத்தை மட்டும் நாற்பது வருஷமும் சரியாகப் பார்க்காமலே நடத்தியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோவலன் மாதவியிடமிருந்து திரும்பி வருகிறான். குலத்தார் தேடி வைத்த பொருளெல்லாம் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி என்ன நினைக்கிறாள்? இன்னும் மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லையே என்றுதான் வருந்துகிறான் போலும் என்று எடுத்துக்கொண்டு, சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்கிறாள். அவன், இந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரைக்குப் போய், இழந்ததைச் சம்பாதிக்கப் போகிறேன், எழுந்து வா என்கிறான். விடிவதற்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல், இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

நான் வகுப்பில் இதைக் கற்பின் திறம் என்று சொல்லி மேலே போய்விடுவேன். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். கோவலனுக்குப் புகாரில் இருக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எதிரே வருகிற ஒவ்வொரு முகமும் அவனுக்கு அவமானம். மாதவியின் வீடும் அதே ஊரில்தான். ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது நியாயம். கண்ணகிக்கு என்ன காரணம்? அவளுக்கு அங்கே தாய் தகப்பன் இருக்கிறார்கள், தேவந்தி என்ற தோழி இருக்கிறாள். அவள் புகாரில் துக்கமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தத் துக்கம் ஊரால் வந்ததல்ல, அவனால் வந்தது. அவன்தான் திரும்பி வந்துவிட்டானே! அவள் கணக்குப்படி, அன்று ராத்திரி அவள் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அந்த ராத்திரியே அவளைக் கிளப்பிவிட்டார்கள்.

ஊர் எல்லை தாண்டி ஒரு காதம் நடந்திருப்பார்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, இடுப்பு துவள்கிறது. அப்போது கேட்கிறாள்: மதுரை என்கிற அந்தப் பழைய ஊர் எது? கவனியுங்கள். எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் என்பது தெரியாமலே அவள் கிளம்பியிருக்கிறாள். அவன் என்ன சொல்கிறான்? முப்பது காதம்தான், பக்கத்தில்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். (சிரிப்பு) நீங்களும் சிரிக்கிறீர்கள். மனை விற்கிறவர்களின் நோட்டீஸில் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ என்று போட்டிருக்குமே, அதன் முதல் வடிவம் இதுதான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கவுந்தியடிகள் துணைக்கு வந்தார். மதுரைக்கு வெளியே மாதரி என்ற இடைக்குல மூதாட்டி தன் வீட்டில் இடம் கொடுத்தாள். அங்கே ஒரே ஒரு வேளைச் சோறு ஆக்கிப் போட்டாள் கண்ணகி. அவ்வளவுதான் அவள் மதுரையில் நடத்திய குடித்தனம்.

என் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. வீட்டில் ‘இந்த ஊர் பிடிக்கவில்லை’ என்று ஒரு பேச்சு எழுந்தால், பிடிக்கவில்லை என்பது யாருக்கு? போகலாம் என்று முடிவெடுப்பது யார்? போன இடத்தில் தண்ணீர் எங்கே வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது, யாரிடம் பேசுவது என்று முதலிலிருந்து தேடப்போவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வருகிற வீடு ரொம்பக் குறைவு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிறந்த ஊரிலோ முன்பு வசித்த ஊரிலோ இல்லாமல் வேறிடத்தில் இருப்பவர்கள் இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் என்று வந்தது. இடப்பெயர்ச்சி என்றதும் நமக்கு ரயிலேறும் கட்டடத் தொழிலாளியும், விமானமேறும் கம்ப்யூட்டர் இன்ஜினீயரும் ஞாபகம் வருவார்கள். ஆனால் அந்த 45 கோடியில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். நாட்டின் மிகப் பெரிய இடப்பெயர்ச்சிக்கு நாம் மேளம் வைத்து, சோறு போட்டு, அட்சதை தூவுகிறோம். அதனால் அது இடப்பெயர்ச்சி என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண். தாமிரபரணியில் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே சோறாக்கி வளர்ந்தவள். 1984-இல் அவளைத் திருநகருக்குக் கூட்டிவந்தேன். வைகையில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் சித்திரை மாதம் அழகர் இறங்குகிற அன்றைக்குப் போகவேண்டும், அதுவும் அணையைத் திறந்துவிட்டிருந்தால். ராத்திரி ரெண்டு மணிக்கு அடிபம்பில் வரிசை. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. பெண் என்பவள் நாற்று மாதிரி, ஒரு இடத்தில் முளைத்து இன்னொரு இடத்தில் வேர் பிடிப்பாள் என்று அவள் கல்யாணத்திலேயே ஒரு பெரியவர் வாழ்த்திப் பேசினார். நானும் எத்தனையோ கல்யாண மேடைகளில் அதையே பேசியிருக்கிறேன். அவள் விவசாய வீட்டுப் பெண். பின்னாளில் ஒருநாள், சாதாரணமாக, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “நாத்துக்கும் வயசு பாக்கணும்லா. மாசத்துக்கு ஒரு வாரம்னு கணக்கு. நாலு மாசப் பயிருன்னா நாலு வாரத்துல பறிச்சு நட்டுரணும். முத்துன நாத்தை நட்டா தூர் கட்டாது.” அவள் சொன்னது நெல்லைத்தான். நான்தான் சிக்கிக்கொண்டேன்.

போகலாமா, இருக்கலாமா என்று யோசிப்பதற்கே ஒரு கொடுப்பினை வேண்டும். நம்மிடமிருந்து மேற்கே, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றிருந்தது. ஊர்மக்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். சட்டத்தில் பதிந்த ஆண்கள் ராத்திரியில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் கையில் சீட்டு வேண்டும். அதற்கு ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்தத் தலைமுறைக்கு, சொந்தத் திண்ணையில் தூங்குவதே போராடிப் பெறவேண்டிய ஒன்று.

இதற்கு நேர்மாறாக, ‘கிளம்பு’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பசுமாட்டையாவது கொஞ்சம் யோசித்துப் பிரிப்பார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் தமிழ்நாட்டில் வந்திறங்கியபோது, பலர் அதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று நாம் எழுதினோம். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று எந்தக் கோப்பும் கேட்கவில்லை.

சரி, தன் முடிவைத் தானே எடுத்து, அதைத் தானே சுமந்த ஒருவரைச் சொல்லுங்கள் என்றால், நான் ப. சிங்காரத்தைச் சொல்வேன். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதியவர். சிங்கம்புணரிக்காரர். 1920-இல் பிறந்தவர். மதுரையில் பள்ளிப்படிப்பு. பதினெட்டு வயதில், 1938-இல், இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறினார், கடையில் வேலைக்கு. அங்கேயே மனைவியையும் பிள்ளையையும் பிரசவத்தில் இழந்தார். யுத்தம் முடிந்தபின் 1946-இல் ஊர் திரும்பினார். மதுரையில் தினத்தந்தியில் வேலை. தங்கியது ஒய்.எம்.சி.ஏ. விடுதியில், ஒரு அறை. எத்தனை வருஷம் தெரியுமா? ஏறக்குறைய ஐம்பது வருஷம். மறுமணம் இல்லை, வீடு கட்டவில்லை, கூட்டங்களில் பேசவில்லை. 1997 டிசம்பரில் இறந்தார். சேமித்த பணத்தை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவர் எழுதியது இரண்டே நாவல். 1959-இல் ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் ‘புயலிலே ஒரு தோணி’. மேடானில், பினாங்கில், யுத்தத்தின் நடுவில் அவருடைய நாயகன் பாண்டியன் என்ன நினைத்துக்கொள்கிறான்? மதுரைத் தெருக்களை. சின்னமங்கலத்துச் சந்தையை. இதை எழுதிய மனிதரோ மதுரையில் உட்கார்ந்து மேடானை நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே இருந்தபோது இந்த ஊர், இங்கே இருந்தபோது அந்த ஊர். என் மாணவன் ஒருவன் இதைப் படித்துவிட்டு, “அப்ப அவர் எங்கதான் சார் இருந்தாரு?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அவர் விடுதி அறையில் இருந்தார். தன் இருப்பின்மைக்கு இன்னொருவரைத் துணைக்கு இழுக்காமல் இருந்தார். அந்த ஐம்பது வருஷத்தைப் பார்த்து நான் பரிதாபப்பட்ட காலம் உண்டு. இப்போது மரியாதைதான் வருகிறது.

கி. ராஜநாராயணன் வேறு மாதிரி. இடைசெவலைத் தவிர வேறு ஊரே உலகத்தில் இல்லை என்பது போல எழுதியவர், அறுபது வயது தாண்டி, 1980களின் இறுதியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைக்க, அங்கே போய்க் குடியேறினார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான். கரிசல் காட்டை விட்டு வந்தபின்னும் அந்த மண்ணின் சொல் அவரிடம் வற்றவில்லை. 2021 மே மாதம் 98 வயதில் அவர் போனபோது உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு எரியூட்டினார்கள். முத்தின நாற்றும் சிலசமயம் தூர் கட்டும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவர் மனைவி கணவதி அம்மாளுக்கும் அது அப்படித்தான் இருந்ததா? கி.ரா.வைப் பற்றி இத்தனை படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு இந்த உரையைத் தயாரிக்கும்வரை வந்ததே இல்லை. குறை என்னுடையது.

பொருளாதாரம் படித்த என் மகள் ஒரு பெயர் சொன்னாள்: ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் 1933-இல், பதினெட்டு வயதில், நாட்டை விட்டுக் கிளம்பியவர். 1940-இல் மார்சேயில் இருந்துகொண்டு மற்ற அகதிகள் மலை தாண்டித் தப்பிக்க உதவியவர். அவர் 1970-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு இடமோ நிறுவனமோ கெட்டுக்கொண்டு வந்தால் மனிதனுக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது சத்தம் போடுவது. எது நடக்கும் என்பது அவனுக்கு அதன்மேல் உள்ள பற்றைப் பொறுத்தது. நைஜீரியாவில் ரயில் சேவை மோசமாக இருந்தது. லாரிகள் வந்ததும், சத்தம் போடக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறிக்கொண்டார்கள். ரயிலைக் கேள்வி கேட்க ஆளில்லை. ரயில் திருந்தவே இல்லை. இதுதான் அவரை யோசிக்க வைத்தது.

நம்மூருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சாக்கடை அடைத்தால் மனு எழுதத் தெரிந்தவர், அதை எடுத்துக்கொண்டு நடையாக நடக்கக்கூடியவர், தென்கால் கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, நிலையூர்க் கண்மாய்க்குக் கால்வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவந்து சொல்கிறவர், இவர்கள்தான் முதலில் பெங்களூர் போகிறார்கள். ஏனென்றால் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தவர்களும் இவர்களே. மிஞ்சி இருப்பவர்களிடம் யாரும் ‘நான் போகட்டுமா’ என்று கேட்டுவிட்டுப் போவதில்லை. ஹிர்ஷ்மன் வெளியேறுவதைத் தப்பென்று சொல்லவில்லை. அவரே வெளியேறி உயிர் பிழைத்தவர்தானே. அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் போகிறவன் கட்டுவதில்லை என்பதைக் காட்டினார்.

சில நேரம் நாம் எங்கும் போகாமலே ஊர் மாறிவிடும். 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருத்தபோது, பேரூராட்சியாக இருந்த திருநகரும் அதற்குள் போனது. தூங்கி எழுந்தபோது மதுரைக்காரர்கள் ஆகியிருந்தோம். தெற்கே தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மனை விலை அன்றே அட்மிஷன் வாங்கிவிட்டது. முதல் வருஷ மாணவர்கள் 2022-இல் சேர்ந்து படித்ததென்னவோ ராமநாதபுரத்தில். ‘எய்ம்ஸ் வரட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று பெங்களூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவரை நான் கேலி செய்யவில்லை. இருப்பதற்கு ஒரு சாக்கு எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

இனி என் கதை. 2022-இல் மகன் கூப்பிட்டான். பெங்களூரில் ஒன்பதாவது மாடி. போவதா வேண்டாமா என்று நான் இரண்டு மாதம் குழம்பினேன். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோமே, அது. பிற்பாடு தெரிந்துகொண்டேன், சிகாகோவில் ஸ்டீவன் லெவிட் என்ற பேராசிரியர் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறார். வேலையை விடலாமா, ஊர் மாறலாமா என்று தவித்தவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை நாணயம் விழுந்தது. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைச் செய்தவர்கள், செய்யாமல் இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள் என்று 2016-இல் எழுதினார். குழம்பினால் கிளம்பிவிடு என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஆராய்ச்சியில் நாணயத்தைச் சுண்டியவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவரோடு மூட்டை கட்டியவரைக் கேட்டார்களா?

பெங்களூர் வெயில் இல்லாத ஊர் என்று சொல்லித்தான் போனோம். டேவிட் ஷ்கேட், டானியல் கானமன் என்ற இரண்டு பேர் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. அமெரிக்காவில் குளிர் நடுக்கும் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும், வெயில் இதமான கலிபோர்னியா மாணவர்களையும் கேட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிகச் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரண்டு தரப்பும் சொன்னது. ஆனால் அவரவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே அளவு திருப்தியைத்தான் சொன்னது. ஊர் என்றதும் வெயில் ஞாபகம் வருகிறது. அங்கே வாழப்போனபின் வெயிலை யார் நினைக்கிறார்கள்? மதுரைச் சித்திரை வெயிலில் நான் நாற்பது வருஷம் சந்தோஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். பெங்களூர்க் குளிரில் பதினான்கு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அங்கே என்ன குறை? ஒன்றுமில்லை. அதுதான் குறை. இங்கே பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எனக்கு ‘சார்’. பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கியவர்கள். அங்கே நான் ஒருவனுக்கு அப்பா, இன்னொருவனுக்குத் தாத்தா. லிப்டில் யாரும் எழுந்து நிற்கவில்லை. (சிரிப்பு) லிப்டில் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

என் மனைவிக்கு அந்த ஊர் ஒத்துக்கொண்டது. மூன்று மாதத்தில் கன்னடத்தில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினாள். மாலையில் கீழே பெஞ்சில் ஆறேழு பெண்கள்: ஒரு மராத்தியம்மா, ஒரு பெங்காலியம்மா, மாண்டியாக்காரப் பாட்டி ஒருத்தி. எந்த பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மேலிருந்து பார்த்தால் சிரிப்பது மட்டும் தெரியும். பதினான்காவது மாதம், “நம்ம ஊருக்குக் கிளம்பலாம்” என்று நான் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியில் துணியை அடுக்கினாள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ரயில் மதுரைக்குள் நுழையும்வரை நான் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், அவள் பக்கம் பார்க்கவில்லை.

இந்தத் தலைப்பு வந்தபிறகுதான், போன வாரம், கேட்டேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கேட்டேன். “உண்மையைச் சொல்லு. இத்தனை வருஷத்துல, உனக்கு எந்த எடத்துல இருக்கணும்னு இருந்துச்சு?” ஆற்றங்கரையைச் சொல்வாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், நான் பறித்துக்கொண்டு வந்த பெங்களூர் பெஞ்சைச் சொல்வாள் என்று பயந்தேன்.

“வளவு வீடு” என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவென்று விளங்கவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் காம்பவுண்டு என்பீர்கள். கல்யாணமான புதிதில், ரெண்டாவது ஸ்டாப்பில் இறங்கி உள்ளே போனால், ஒரு காம்பவுண்டில் ஐந்து குடித்தனம், ஒரு அடிபம்பு. அங்கே ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தோம். ஒண்டுக்குடித்தனம். எனக்கு அது அவமானமாக இருந்தது. கடன் வாங்கி, நகையை வைத்து, 1991-இல் இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று அவள் பேசாமல் இருந்தாள். அலைச்சல், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி அடிக்கப் போனா அஞ்சு பேரும் இருப்போம்லா” என்றாள். “மூத்தவன் பொறந்தப்ப எங்கம்மா வந்து சேர ரெண்டு நாளாச்சு. அந்த ரெண்டு நாளும் என்னை யாரு பாத்துக்கிட்டான்னு ஒங்களுக்குத் தெரியுமா? புது வீட்டுல குழாயைத் தொறந்தா தண்ணி வந்துட்டு. யார்கிட்டப் பேச?”

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்ததைத் தாங்கியிருக்கிறாள். பெங்களூரையும் வென்றிருக்கிறாள். இரண்டு தெரு தாண்டியதைத்தான் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அதை நான் வீடு கட்டிய சாதனையாகப் பணி ஓய்வு விழாவில்கூடப் பேசியிருக்கிறேன்.

அந்த ஐந்து பேரில் ஒரு அக்கா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்களாம். என் மனைவிக்கு அது எப்போதும் தெரியும். எனக்குத்தான் போன வாரம் தெரிந்தது. அந்தக் காம்பவுண்டு இப்போது இல்லை, மாடி வீடு வந்துவிட்டதாம். அடிபம்பின் மேடை மட்டும் சுவரோரமாகக் கிடக்கிறது என்கிறாள்.

இதோ, கடைசி வரிசையில் சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ஏழரைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறாள். அக்கா எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்களாம்.